விபிஎன் போட்டால் லைன் படுத்துவிடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானை (குடியிருப்பு)ச் சுற்றி வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. கோலாலம்பூர் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறார்கள், சிங்கப்பூர் வங்கிக்கு வாடிக்கையாளர் சேவை செய்கிறார்கள், மென்பொருள் எழுதுகிறார்கள். கோவிட் நேரத்தில் மடிக்கணினியோடு ஊர் திரும்பியவர்கள், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்க முடிகிறதே என்று இங்கேயே தங்கிவிட்டார்கள். நான் ஊரில் கணினியும் நெட்வொர்க்கும் பழுது பார்க்கிறவன். மாதம் இரண்டு மூன்று பேராவது வந்து சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, விபிஎன் போட்டா லைன் செத்துப்போவுது." (விபிஎன் என்பது வீட்டுக் கணினியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போகும் பூட்டிய பாதை.)

அதற்குள் பாதிப் பேர் இணையத் திட்டத்தை உயர்த்தியிருப்பார்கள். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) 300 ஆகியிருக்கும், மாதக் கட்டணம் ஏறியிருக்கும், விபிஎன் மட்டும் பழையபடியே ஊர்ந்துகொண்டிருக்கும். வேகம் எந்த இடத்தில் தொலைகிறது என்று கண்டுபிடிக்கும்வரை ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடச் செலவு செய்யாதீர்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான வீடுகளில் கோளாறு காசில்லாமலோ ஒரு கேபிள் விலையிலோ தீர்ந்திருக்கிறது.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். விண்டோஸ் கணினியை வைத்தே எழுதியிருக்கிறேன், அலுவலகங்கள் கொடுப்பது அநேகமாக அதுதான்.

## எதையும் தொடும் முன்: மூன்று அளவுகள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கம், பதிவேற்றம், பிங் (ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஆகும் நேரம், மில்லி விநாடியில்) என்று மூன்று பத்தி போடுங்கள்.

முதல் அளவு: விபிஎன்னை அணைத்துவிட்டு, மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து ஸ்பீட்டெஸ்ட் எடுங்கள். மெல்லிய மடிக்கணினிகளில் கேபிள் துளை இருக்காது. யுஎஸ்பியில் செருகும் சின்ன அடாப்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: விபிஎன் அணைத்தபடியே, நீங்கள் தினமும் உட்கார்ந்து வேலை செய்யும் அதே இடத்தில், வைஃபையில்.

மூன்றாவது: அதே இடம், அதே வைஃபை, விபிஎன் போட்டு.

ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுத்து நடு எண்ணை எழுதுங்கள். நேரத்தையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள், பின்னால் உதவும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில அலுவலகங்கள் எல்லாப் போக்குவரத்தையும் விபிஎன் வழியாகவே இழுக்கும். சில அலுவலகங்கள் தங்கள் சர்வருக்குப் போவதை மட்டும் விபிஎன்னில் விட்டு, மற்றதை நேராக இணையத்துக்கு அனுப்பிவிடும். உங்களுடையது இரண்டாவது வகையென்றால் மூன்றாவது அளவும் இரண்டாவது அளவும் ஒன்றாகத்தான் வரும், ஏனென்றால் ஸ்பீட்டெஸ்ட் விபிஎன்னுக்குள் போகவே இல்லை. எந்த வகை என்று பார்க்க, கூகளில் "என் ஐபி என்ன" என்று ஆங்கிலத்தில் தேடி, விபிஎன் போடுமுன் ஒரு தடவை, போட்டபின் ஒரு தடவை எண்ணைப் பாருங்கள். எண் மாறினால் எல்லாமே அலுவலகம் வழியாகப் போகிறது. மாறாவிட்டால் அலுவலகப் பகிர்வு ஃபோல்டரிலிருந்து 100 எம்பி அளவுள்ள கோப்பு ஒன்றை இறக்கி, எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஓர் எம்பிக்கு எட்டு மெகாபிட், ஆகவே 20 விநாடி என்றால் 40 எம்பிபிஎஸ் கிடைக்கிறது, 80 விநாடி என்றால் 10. அதுதான் உங்கள் உண்மையான மூன்றாவது அளவு.

விபிஎன் போட்டால் பத்தில் ஒரு பங்கு வேகம் குறைவது இயல்பு. அதைத் துரத்த வேண்டாம். பாதிக்குமேல் குறைந்தால்தான் கோளாறு.

இன்னொன்று: வேறு ஊரிலிருந்து வேலை செய்யும் சக ஊழியர் ஒருவருக்குச் செய்தி அனுப்பி, "உனக்கும் இன்னைக்கு ஸ்லோவா?" என்று கேளுங்கள். அவருக்கும் அப்படித்தான் என்றால் உங்கள் வீட்டில் எதையும் கழற்றாதீர்கள், கோளாறு அலுவலகப் பக்கம்.

## அறிகுறி 1: விபிஎன் இல்லை, கேபிளில்தான் இருக்கிறோம், அப்படியும் மந்தம்

அப்படியென்றால் விபிஎன்மேல் குற்றமில்லை.

ரவுட்டரை நிதானமாக அணைத்துப் போடுங்கள். சுவிட்சைத் தட்டி உடனே போடக் கூடாது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டையும் அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, முதலில் ஃபைபர் பெட்டியைப் போட்டு விளக்குகள் நிலைத்தபின் ரவுட்டரைப் போடுங்கள்.

கேபிளைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் அமைப்பில் ஈதர்நெட் பகுதிக்குப் போனால் இணைப்பு வேகம் என்று ஓர் எண் இருக்கும். 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் அங்கே 100 என்று காட்டினால், கேபிளில் எட்டு இழைகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது கேபிள் நான்கு இழை மட்டும் உள்ள பழையது. 15, 20 வெள்ளியில் கேட் 6 கேபிள் ஒன்று வாங்கினால் முடிந்தது. புதுக் கேபிளிலும் 100, சில சமயம் 10 என்று காட்டினால் ரவுட்டரின் அந்தத் துளை அடிவாங்கியிருக்கும். எங்கள் பக்கம் மாலை இடி இறங்கியபின் இப்படி நிறையப் பார்க்கிறேன்: ரவுட்டர் உயிரோடு இருக்கும், ஒரு துளை மட்டும் அரைகுறையாகிவிடும். அடுத்த துளையில் செருகிப் பாருங்கள்.

வீட்டில் வேறு யார் இழுக்கிறார்கள்? எல்லாக் கைபேசியையும் தொலைக்காட்சியையும் வைஃபையிலிருந்து துண்டித்துவிட்டு மறுபடி அளங்கள். வேகம் திரும்பினால் அறிகுறி 5-க்குப் போங்கள்.

கம்பியில்லாத வீட்டு இணையமா? 4ஜி அல்லது 5ஜி மோடம் வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஊரைத் தாண்டி எல்பில், ஹீவுட் பக்கம் தோட்டத்தை ஒட்டியிருக்கும் பல வீடுகளில் இதுதான் வழி. மோடத்தின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்தால் ஆர்எஸ்ஆர்பி (சமிக்ஞையின் பலம்) என்றும் எஸ்ஐஎன்ஆர் (சமிக்ஞையின் தெளிவு) என்றும் இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி -90-க்கு மேலே இருந்தால் நல்லது, -110 என்றால் மிகவும் பலவீனம். (கழித்தல் எண், ஆகவே -80 என்பது -100-ஐவிட நல்லது.) எஸ்ஐஎன்ஆர் 10-க்கு மேல் இருந்தால் வசதியாக வேலை செய்யலாம், பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் திரையில் எத்தனை கோடு காட்டினாலும் பயனில்லை.

மோடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் இரண்டு நிமிடம் வைத்து எண்ணைப் பாருங்கள். வளர்ந்த செம்பனை மரங்கள் சமிக்ஞையை நன்றாகக் குடிக்கும், மழையில் நனைந்த மட்டை இன்னும் கூடுதலாகக் குடிக்கும். தகரக் கூரைக்குள்ளே தொலைக்காட்சிக்குப் பின்னால் மோடத்தை வைத்தால் எந்தக் கோபுரமும் எட்டாது. ஓர் அக்கா வீட்டில் மோடத்தைக் கூடத்திலிருந்து சமையலறை ஜன்னலுக்கு, ஆளுயரத்துக்கு மேலே மாற்றினோம். ஆர்எஸ்ஆர்பி -108-லிருந்து -94-க்கு வந்தது. அவருடைய விபிஎன் புகார் அன்றோடு நின்றது. ஜன்னலில் வைத்தும் போதவில்லை என்றால் அடுத்தது வெளியே மாட்டும் ஆன்டெனா. அதற்குச் செலவு உண்டு. மோடத்தில் ஆன்டெனா செருகும் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். கூரையேறி மாட்டுவதை அந்தத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மாத ஒதுக்கீடு முடிந்து சேவை நிறுவனம் வேகத்தைக் குறைத்திருக்கிறதா என்று செயலியில் பார்க்கவும் மறக்காதீர்கள். வரம்பில்லை என்று விற்கும் திட்டங்களிலும் நியாயப் பயன்பாட்டு வரம்பு இருப்பதுண்டு.

எப்போது கூப்பிடுவது: கேபிளில், மற்ற எல்லாவற்றையும் துண்டித்தபின், மூன்று வெவ்வேறு நேரங்களில் அளந்தும் திட்டத்தில் சொன்ன வேகத்தில் பாதிகூட வரவில்லை என்றால். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், ஒளி உள்ளே வரவில்லை, உடனே புகார் கொடுங்கள். மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை ஃபைபர் கம்பி கதவிடுக்கில் மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

## அறிகுறி 2: கேபிளில் வேகம், வைஃபையில் மந்தம்

இதுதான் அதிகம் வரும் கோளாறு. நல்ல செய்தி, சுலபமாகத் தீர்வதும் இதுதான்.

விபிஎன்னை அணைத்துவிட்டு (சில விபிஎன்கள் வீட்டு நெட்வொர்க்கைத் தொடவிடாது) கட்டளைத் திரையில் (கமாண்ட் பிராம்ப்ட்) ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து, டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் உள்ள எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். பிறகு, உங்கள் எண்ணைப் போட்டு, பிங் 192.168.0.1 -டி (ஆங்கிலத்தில் t) என்று அடித்து ஒரு நிமிடம் விடுங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் ரவுட்டருக்குப் போய்வர 1-லிருந்து 5 மில்லி விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. இடையிடையே 80, 200 என்று தாவினாலும், பதிலே வராமல் போனாலும் வைஃபைதான் குற்றவாளி.

முதலில் இடம். லயத்து வீட்டை இழுத்துக் கட்டி முன்னே ஓர் அறை, பின்னே ஓர் அறை சேர்த்திருப்போம். ரவுட்டர் முன்கூடத்தில், வேலை பின்னறையில், நடுவே மூன்று செங்கல் சுவர். ரவுட்டரை நடுவீட்டுக்குக் கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் மேஜையை நகர்த்துங்கள்.

அடுத்து அலைவரிசை. ஒரே பெயரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் இருந்தால் மடிக்கணினி சிலசமயம் 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடாது. ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் 5-ஐப் பிடியுங்கள். தூரத்து அறையென்றால் 5 எட்டாது, அங்கே 2.4-ஐ வைத்துக்கொண்டு சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றுக்கு மாற்றுங்கள். வரிசை வீடுகள் உள்ள தாமானில் இது பெரிய வித்தியாசம் தரும்.

அதற்கும் மசியவில்லை என்றால் நீளக் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்துவிடுங்கள். 20 மீட்டர் கேபிள் மெஷ் பெட்டிகளை (வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்) விட மலிவு, நம்பகமும்கூட. அழகு பார்க்கும் வீட்டில் சண்டை வரும், ஆனால் வேலை நிற்காது. மெஷ் வாங்குவதைக் கடைசியில் வையுங்கள். 20, 30 வெள்ளிக்கு விற்கும் வைஃபை ரிப்பீட்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை: கோடு நிறையக் காட்டும், வேகம் பாதியாகும், விபிஎன் அடிக்கடி அறுக்கும்.

## அறிகுறி 3: விபிஎன் போட்டால் மட்டும் எல்லாமே மந்தம்

இங்கே முதல் சோதனை கைபேசி ஹாட்ஸ்பாட். வீட்டு வைஃபையை விட்டுவிட்டுக் கைபேசியில் மடிக்கணினியை இணைத்து, விபிஎன் போட்டு அதே 100 எம்பி கோப்பை இறக்குங்கள்.

### ஹாட்ஸ்பாட்டிலும் அதே மந்தம் என்றால்

கோளாறு மடிக்கணினியிலோ அலுவலகத்திலோ இருக்கிறது.

மடிக்கணினியை முதலில் பாருங்கள். மின்சாரத்தில் செருகியிருக்கிறதா? மின்கலச் சேமிப்பு நிலையில் சில கணினிகள் மிகவும் தளர்ந்துவிடும். கோப்பு இறங்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கணினியின் சிபியு 100 விழுக்காட்டைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். இணையத்தில் தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும், விபிஎன் ஒவ்வொரு துண்டையும் பூட்டித் திறக்க வேண்டும். வைரஸ் தடுப்பியும் விண்டோஸ் அப்டேட்டும் அதே நேரம் ஓடினால் பழைய கணினிக்கு மூச்சு வாங்கும்.

அடுத்து, எந்த வாசல் வழியாக உள்ளே போகிறீர்கள்? வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பல நாடுகளில் விபிஎன் வாசல்கள் இருக்கும். செயலி தானாகத் தேர்ந்தெடுக்கிறேன் என்று ஐரோப்பாவையோ அமெரிக்காவையோ பிடித்துக்கொள்வதுண்டு. இங்கிருந்து சிங்கப்பூர் போய்வர 20 மில்லி விநாடிக்குள் ஆகும், ஐரோப்பாவுக்கு 200-ஐ ஒட்டி ஆகும். பட்டியலில் சிங்கப்பூரோ கோலாலம்பூரோ இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ஆனால் உங்கள் கோப்பு இருக்கும் சர்வரே லண்டனில் என்றால் வாசலை மாற்றி என்ன பயன்? பகிர்வு ஃபோல்டரில் ஓர் எக்செல் கோப்பைத் திறக்க நூறு தடவை கேள்வி பதில் நடக்கும், ஒவ்வொன்றுக்கும் அந்தத் தூரத்தைப் போய்வர வேண்டும். கோப்பை உங்கள் கணினிக்கு இறக்கி, வேலை முடித்து, திரும்ப ஏற்றுங்கள். அல்லது தொலைத்திரை வசதி (அங்கே இருக்கும் கணினியின் திரையை இங்கிருந்தே இயக்குவது) கேளுங்கள்.

### ஹாட்ஸ்பாட்டில் பறக்கிறது, வீட்டில்தான் மந்தம் என்றால்

விபிஎன் செயலியின் விவரப் பக்கத்தைத் திறங்கள். சிஸ்கோ எனிகனெக்டில் (புதுப் பெயர் சிஸ்கோ செக்யூர் கிளையன்ட்) டிடிஎல்எஸ் என்று இருக்க வேண்டும், வெறும் டிஎல்எஸ் என்று இருந்தால் சந்தேகம். குளோபல்புரொடெக்டில் ஐபிசெக் என்று இருக்க வேண்டும், எஸ்எஸ்எல் என்றால் சந்தேகம். அதாவது உங்கள் விபிஎன் யுடிபி என்ற வேகமான பாதையில் போக முயன்று, வழி அடைபட்டு, டிசிபி என்ற மெதுவான பாதைக்கு இறங்கியிருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு துண்டு தவறினாலும் பின்னால் வருவதெல்லாம் காத்து நிற்கும். வீட்டு ரவுட்டரில் ஃபயர்வால் அளவு "உயர்" என்று இருக்கிறதா, பிள்ளைகளுக்காகப் போட்ட கட்டுப்பாடு இந்த மடிக்கணினியையும் பிடிக்கிறதா என்று பாருங்கள். மாற்றிவிட்டு விபிஎன்னை முழுவதும் துண்டித்து மறுபடி இணையுங்கள், பாதை புதிதாகத் தேர்வாக வேண்டும். ஹாட்ஸ்பாட்டிலும் வீட்டிலும் இரண்டு இடத்திலுமே மெதுவான பாதைதான் காட்டுகிறது என்றால், அலுவலகமே அப்படி அமைத்திருக்கலாம், அவர்களிடம் கேளுங்கள்.

பிறகு, வீட்டில் ரவுட்டர்மேல் ரவுட்டர் இருக்கிறதா? சேவை நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்களாக இன்னொன்றை வாங்கிச் செருகியிருந்தால், இரண்டாவதை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு (வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றுங்கள். அந்த ஒரு மாற்றத்தில் சரியான வீடுகள் பல.

## அறிகுறி 4: மின்னஞ்சல் வருகிறது, சாட் ஓடுகிறது, பெரிய கோப்பும் சில பக்கங்களும் மட்டும் தொங்குகின்றன

இந்த அறிகுறியை யாரும் சரியாக விவரிப்பதில்லை. "சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல" என்பார்கள். கூர்ந்து பார்த்தால் ஒழுங்கு தெரியும்: சின்னது எல்லாம் போகும், பெரியது எல்லாம் பாதியில் நிற்கும். உள்நுழையும் பக்கம் வரும், பொத்தானை அழுத்தினால் வெள்ளைத் திரை.

இது துண்டின் அளவுச் சிக்கல், எம்டியு என்பார்கள். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பல, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ முறையில் வருகின்றன. அதில் ஒரு துண்டு 1492 பைட்டுக்கு மேல் போக முடியாது. விபிஎன் தன் உறையையும் சேர்த்தால் உள்ளே இடம் இன்னும் குறையும்.

விபிஎன்னை அணைத்து, பிங் -எஃப் -எல் (f, l) 1464 1.1.1.1 என்று அடியுங்கள் (1.1.1.1 என்பது வெளியே இருக்கும் ஒரு பொதுச் சர்வர்). பதில் வந்தால் 1464-உடன் தலைப்பு 28-ஐக் கூட்டி 1492, சரியாக இருக்கிறது. துண்டாக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வந்தாலோ பதிலே வராவிட்டாலோ 10, 10-ஆகக் குறைத்துக்கொண்டே போங்கள். எந்த எண்ணில் பதில் வருகிறதோ அதைத் தாளில் எழுதுங்கள். பிறகு விபிஎன்னைப் போட்டு, அலுவலகத்துக்குள் இருக்கும் ஏதாவது ஒரு சர்வருக்கு அதே சோதனையைச் செய்யுங்கள். 1300-ஐ ஒட்டி எங்காவது பதில் வரத் தொடங்கும். (சில அலுவலகங்கள் பிங்கையே தடுத்திருக்கும், அப்போது முதல் எண் மட்டும் போதும்.)

முதல் எண்ணே குறைவு என்றால் ரவுட்டரைப் பாருங்கள். சொந்தமாக ரவுட்டர் வாங்கி அமைத்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். யுனிஃபை (தெலிகொம் மலேசியாவின் சேவை) ஃபைபரில் இணையத்துக்கு விலான் (ஃபைபருக்குள் இணையம் வரும் பாதையின் எண்) 500 என்று போடத் தெரிந்துவைத்திருப்பார்கள், எம்டியுவை மட்டும் 1500 என்று விட்டிருப்பார்கள். அதை 1492 ஆக்குங்கள். ஒரு தம்பி மூன்று வாரம் இதோடு போராடி, அலுவலகத்தில் இவன் வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை என்று பேச்சு வரும் அளவுக்குப் போய்விட்டது. அந்த ஓர் எண்ணை மாற்றியதும் சரியானது. முகம் மலர்ந்து அவன் அம்மாவிடம் ஓடிச் சொன்னது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதல் எண் சரி, விபிஎன் உள்ளேதான் சிக்கல் என்றால் மடிக்கணினியில் விபிஎன் இணைப்பின் எம்டியுவைக் குறைக்க வேண்டும். அலுவலகக் கணினியில் அதற்கு உங்களுக்கு உரிமை இருக்காது, இருந்தாலும் நீங்களாக மாற்ற வேண்டாம். இரண்டு எண்களையும் ஐடி பிரிவுக்கு எழுதி அனுப்புங்கள். "ஸ்லோவாக இருக்கிறது" என்று எழுதினால் உங்கள் புகார் வரிசையில் கிடக்கும். "1.1.1.1-க்கு 1464, உள் சர்வருக்கு 1272-க்கு மேல் போகவில்லை" என்று எழுதினால் படிக்கிறவர் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

## அறிகுறி 5: எல்லாம் சரி, கூட்டத்தில் மட்டும் குரல் உடைகிறது

பதிவிறக்க எண்ணைப் பார்த்துப் பயனில்லை. பதிவேற்றத்தைப் பாருங்கள். ஒரு வீடியோக் கூட்டத்துக்கு 2-லிருந்து 4 எம்பிபிஎஸ் பதிவேற்றம் இருந்தால் போதும், ஆனால் அது தங்குதடையின்றிக் கிடைக்க வேண்டும்.

சோதனை இது: பிங் 8.8.8.8 -டி என்று ஓடவிடுங்கள் (8.8.8.8 கூகளின் பொதுச் சர்வர்). ஃபைபரில் 10, 20 என்று வரும். இப்போது கைபேசியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றைக் கூகள் டிரைவுக்கு ஏற்றுங்கள். பிங் 200, 400 என்று ஏறினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்: வீட்டில் யாராவது எதையாவது மேலே ஏற்றும்போதெல்லாம் உங்கள் குரல் அந்த வரிசையின் பின்னால் நிற்கிறது.

யார் ஏற்றுகிறார்கள்? கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் எல்லார் கைபேசியும் படங்களைக் கூகள் ஃபோட்டோசுக்கு அனுப்பும். வாசலில் மாட்டியிருக்கும் கேமராக்கள் இரவு பகலாகப் படத்தை எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், நான்கு கேமரா இருந்தால் அதுவே பெரிய சுமை. உங்கள் மடிக்கணினியிலேயே ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருக்கலாம். படக் காப்பை இரவில் மட்டும் என்று அமையுங்கள், கேமராவின் தரத்தைக் குறையுங்கள் அல்லது அட்டையில் பதியவிடுங்கள், கூட்டத்தின்போது ஒன்டிரைவை நிறுத்திவையுங்கள். எல்லாம் காசில்லாதவை.

அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் ரவுட்டரில் கியூஓஎஸ் வசதியை (எது முதலில் போக வேண்டும் என்று வரிசைப்படுத்துவது) போட்டு, பதிவேற்ற வரம்பை நீங்கள் அளந்த எண்ணில் 90 விழுக்காட்டுக்கு வையுங்கள். சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் இது இல்லாமலிருக்கலாம். ஒரே வீட்டில் மூன்று பேர் வேலை செய்கிறீர்கள் என்றால் அந்த வசதியுள்ள ரவுட்டரை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பதிவேற்றம் அதிகமுள்ள திட்டத்துக்கு மாறுவது அதற்கும் பிறகுதான்.

வீடு சுத்தமாக இருந்தும் குரல் உடைந்தால், கூட்டமும் விபிஎன் வழியாகவே சுற்றிப் போகிறதா என்று ஐடி பிரிவைக் கேளுங்கள். கூட்டச் செயலியை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடுவது அவர்கள் செய்யக்கூடியதுதான். நீங்களாக விபிஎன்னை அணைத்துவிட்டுக் கூட்டத்தில் உட்காராதீர்கள், அலுவலக விதி மீறலாகிவிடும்.

## அறிகுறி 6: குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்

காலை 9 மணி, மதியம் 2 மணி: எல்லாரும் ஒன்றாக உள்ளே நுழையும் நேரம். அலுவலக வாசல் நெரிகிறது. சக ஊழியரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மதியம் 1-லிருந்து 4: வெயில். தகரக் கூரைக்குக் கீழே, மூடிய அலமாரிக்குள் ரவுட்டர் வெந்துபோகும். தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடென்றால் வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள். தானாகவே அணைந்து எரிகிறதென்றால் ரவுட்டரைக் குறை சொல்லுமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வோல்ட் அதே எண், ஆம்பியர் அதே எண் அல்லது கூடுதல் என்று பார்த்து வாங்க வேண்டும்.

இரவு 8-லிருந்து 11: கம்பியில்லா இணையத்தில் கோபுர நெரிசல். இதற்கு வீட்டில் மருந்து குறைவு. ஃபைபர் உங்கள் வீட்டுவரை வந்திருக்கிறதா என்று மறுபடி விசாரியுங்கள், இரண்டு வருடம் முன்பு இல்லை என்றது இன்று இருக்கலாம்.

மழையில்: கம்பியில்லா மோடம் என்றால் அறிகுறி 1-இல் சொன்ன ஜன்னல் வேலை. ஃபைபர் மழைக்கு மந்தமாகாது. மழைக்கு மழை மந்தமானால் வெளிப்பெட்டியில் நீர் இறங்குகிறது என்று சொல்லிப் புகார் கொடுங்கள். இடி வரும்முன் மின் அடாப்டரோடு மடிக்கணினிக்கு வரும் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

## அறிகுறி 7: வேகம் இருக்கிறது, விபிஎன் அறுந்து அறுந்து வருகிறது

மிகச் சரியாக ஒரே இடைவெளியில், உதாரணமாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறுந்தால் அது அலுவலகம் வைத்த கால வரம்பு. விட்டுவிடுங்கள்.

எழுந்து போய் டீ குடித்து வந்தால் அறுந்திருக்கிறது என்றால் மடிக்கணினி தூங்குகிறது. மின் அமைப்பில் தூக்க நேரத்தை நீட்டுங்கள்.

ஒழுங்கில்லாமல் அறுந்தால் இரண்டு பிங் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள், ஒன்று ரவுட்டருக்கு, ஒன்று 8.8.8.8-க்கு. இரண்டும் ஒன்றாக நின்றால் வைஃபை. ரவுட்டர் பதில் தந்து 8.8.8.8 மட்டும் நின்றால் வெளி லைன். இரண்டும் நிற்காமல் விபிஎன் மட்டும் அறுந்தால் அலுவலகம், அல்லது கம்பியில்லா இணையத்தில் பல வீடுகள் ஒரே ஐபி எண்ணைப் பகிர்வதால் வரும் துண்டிப்பு. விபிஎன்னில் உயிர்த்துடிப்பு (இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று காட்டும் சின்னச் செய்தி) அனுப்பும் இடைவெளியைக் குறைக்கச் சொல்லி ஐடி பிரிவைக் கேளுங்கள். (விபிஎன் போட்டதும் இந்த பிங்குகள் தடைபட்டால் கைபேசியில் பிங் செயலி ஒன்றை இறக்கி, அதே வைஃபையில் ஓட்டலாம்.)

## புகார் கொடுக்கும்போது

சேவை நிறுவனத்திடம் விபிஎன் என்ற சொல்லையே முதலில் எடுக்காதீர்கள். எடுத்தால் "அது உங்கள் அலுவலகப் பிரச்சினை" என்று முடித்துவிடுவார்கள். விபிஎன் இல்லாமல், கேபிளில் எடுத்த முதல் அளவை, தேதி நேரத்தோடு சொல்லுங்கள். தெலிகொம் மலேசியா வாடிக்கையாளர்கள் 100-ஐ அழைக்கலாம். புகார் எண்ணை வாங்கி எழுதிவைக்காமல் அழைப்பை வைக்காதீர்கள். தொழில்நுட்பர் வந்தால் ஃபைபரின் ஒளி அளவை அளக்கச் சொல்லி, எண்ணைக் கேட்டுக் குறியுங்கள். -27 டிபிஎம்மை நெருங்கியோ தாண்டியோ (-28, -29 என்று) இருந்தால் இணைப்பில் இழப்பு அதிகம், மடங்கிய கம்பியையோ முனையையோ மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த எண் கையில் இல்லாமல் அவரை அனுப்பிவிட்டால் அடுத்த முறை வருகிறவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

அவர்கள் புகாரை மூடிவிட்டு, கோளாறு அப்படியே இருந்தால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் புகார் தளத்தில் பதியுங்கள். முதலில் நிறுவனத்திடம் கொடுத்த புகார் எண்ணை அங்கே கேட்பார்கள்.

ஐடி பிரிவுக்கு எழுதும்போது மூன்று அளவுகள், ஹாட்ஸ்பாட் சோதனையின் முடிவு, விபிஎன் விவரப் பக்கத்தின் படம், எம்டியு எண்கள், எந்த நேரத்தில் நடக்கிறது என்பது, இத்தனையும் ஒரே மின்னஞ்சலில் போகட்டும். மேலாளருக்கும் ஒரு நகல் வையுங்கள். சரியாகும்வரை முக்கியமான கூட்டத்துக்கு முன் கைபேசி ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருங்கள், கைபேசி சார்ஜரில் செருகியபடி இருக்கட்டும்.